அர்க்காவதிக்கு என்ன ஆயிற்று?

மேகதாது என்ற பெயரைச் செய்தியில் கேட்காத தமிழர் இருக்க மாட்டார்கள். அந்தப் பாறை இடுக்கைப் பார்க்கப் போகிறவர்கள் கனகபுராவிலிருந்து தெற்கே வந்து, முதலில் சங்கமம் என்ற இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். அங்கே ஓர் ஆறு குறுக்கே ஓடும். மழைக்காலமானால் பரிசல். கோடையானால் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நடந்தே அக்கரைக்குப் போய்விடலாம். அங்கிருந்து மேகதாதுவுக்குப் பஸ் உண்டு. சுற்றுலா வருகிறவர்களில் பலர் தாங்கள் கடந்தது காவிரி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது காவிரியில் வந்து சேரும் அர்க்காவதி.

நான் முதல் தடவை அங்கே போனது ஓர் ஏப்ரல் மாதம். தண்ணீர் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே ஓடியது. பாசி நிறம். கரையேறிச் செருப்பை மாட்டும்போது காலிலிருந்து ஒரு வாடை வந்தது. பரிசலைக் கவிழ்த்துப் போட்டு நிழலில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன். “பெங்களூர் தண்ணி சார்” என்றார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்பது பிறகு இந்த ஆற்றைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் விளங்கியது. அப்படியானால் நந்தி மலையில் பிறந்து வர வேண்டிய தண்ணீர் எங்கே? அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் இந்தக் கட்டுரை.

ஓர் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் நாம் இரண்டில் ஒன்றைச் சொல்வோம். மழை இல்லை என்போம், அல்லது மேலே இருப்பவன் அணை கட்டிப் பிடித்துக்கொண்டான் என்போம். அர்க்காவதியில் இந்த இரண்டுமே பெரிய காரணமில்லை. அதனால்தான் இந்தச் சின்ன ஆறு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பெங்களூருக்குத் தண்ணீர் கொடுத்த ஆறு

பெங்களூருக்கு வடக்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,478 மீட்டர் உயரத்தில் நிற்கிறது நந்தி மலை. தமிழ்நாட்டுக்கு இந்த மலையோடு நெருங்கிய உறவு உண்டு. பாலாறும் தென்பெண்ணையும் இந்த மலையையும் சுற்றியுள்ள குன்றுகளையும் ஒட்டிய மேட்டு நிலத்தில்தான் தொடங்குகின்றன. அதே மலையின் இன்னொரு சரிவில் இறங்குவது அர்க்காவதி. தொட்டபள்ளாப்பூர் பக்கம் ஏரி ஏரியாக நிறைந்து வழிந்து, பெங்களூருக்கு மேற்கே வந்து, ராமநகரா, கனகபுரா வழியாகத் தெற்கே போய்க் காவிரியில் சேர்கிறது. இதன் வடிநிலம் 4,000 சதுர கிலோமீட்டருக்கு மேல்.

பெங்களூருக்கு முதன்முதலில் குழாய்த் தண்ணீர் கிடைத்தது இந்த ஆற்றிலிருந்துதான். மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1894இல் ஏசரகட்டாவில் அர்க்காவதியின் குறுக்கே ஏரி கட்டினார்கள். 1896இல் நகரத்துக்கு நீர் வந்தது. 1920களில் மழை பொய்த்த ஆண்டுகளில் ஏசரகட்டா கைவிட்டது, நகரம் தவித்தது. எனவே இன்னும் கீழே, அர்க்காவதியும் குமுத்வதியும் சேரும் திப்பகொண்டனஹள்ளியில் பெரிய அணை கட்டி 1933இல் முடித்தார்கள். அந்த அணைக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 1,450 சதுர கிலோமீட்டர்.

1920களின் வறட்சியை இங்கே குறித்துவைத்துக்கொள்வோம். அது முழுக்க முழுக்க வானத்தின் வேலை. அந்தக் காலத்தில் போர்வெல் கிடையாது, பெங்களூரும் சின்ன ஊர். மழை குறைந்தது, ஆறு குறைந்தது. மழை திரும்பியது, ஆறும் திரும்பியது. ஒரு புதிய அணையையே நம்பிக் கட்டும் அளவுக்குத் திரும்பியது. பிறகு வந்த சரிவில் அந்தத் திரும்புதல் நடக்கவில்லை.

1970களிலிருந்து திப்பகொண்டனஹள்ளிக்கு நீர்வரத்து இறங்கத் தொடங்கியது. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளின் சராசரி வரத்து, 1975க்கு முந்தைய சராசரியில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. 2012 வாக்கில் அங்கிருந்து நகரத்துக்கு நீர் எடுப்பதே நின்றுபோனது. ஒரு மாநகரத்துக்கு நீர் கொடுத்த ஆறு இவ்வளவு மெலிந்தும் பெரிய கூக்குரல் எழவில்லை. 1974இல் காவிரித் தண்ணீர் குழாயில் பெங்களூருக்கு ஏறி வந்துவிட்டது. அர்க்காவதி எந்தப் பத்தாண்டில் இறங்கத் தொடங்கியதோ அதே பத்தாண்டில் வீட்டுக் குழாயில் வேறோர் ஆறு வரத் தொடங்கியது. குழாயைத் திறந்தால் நீர் வரும்வரை அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஐந்து காரணங்கள், ஒவ்வொன்றாக

இதை முறையாக ஆராய்ந்தவர்கள் பெங்களூரில் உள்ள அட்ரி என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். வீணா ஸ்ரீனிவாசன் முதல் ஆசிரியராக இருந்து 2015இல் வெளியான ஆய்வு அது. அவர்கள் செய்த நல்ல காரியம், ஒரு முடிவை வைத்துக்கொண்டு ஆதாரம் தேடாமல், ஐந்து காரணங்களை எடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்ததுதான். மழை மாறியதா? வெப்பம் கூடியதா? நிலத்தடி நீரை உறிஞ்சியதாலா? யூக்கலிப்டஸ் என்ற தைலமரத் தோப்புகளாலா? ஆற்றின் போக்கைத் துண்டு துண்டாக மறித்ததாலா?

இதில் ஒரு பெரிய இடைஞ்சல் இருந்தது. மேல் அர்க்காவதியின் ஓட்டத்தைத் தொடர்ந்து அளந்துவைத்த நீண்ட காலப் பதிவு இல்லை. அணையின் பதிவுகளை வைத்தும், கள ஆய்வு செய்தும்தான் கணக்கிட வேண்டியிருந்தது. நம் நாட்டில் சிற்றாறுகளின் நிலைமை பெரும்பாலும் இதுதான். காவிரியில், தமிழ்நாட்டு எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் ஒவ்வொரு நாளும் அளக்கிறோம், ஏனென்றால் அங்கே சண்டை இருக்கிறது. சண்டை இல்லாத சிற்றாறு வற்றுவதை எழுதிவைக்க ஆளில்லை.

முதலில் மழை. அந்தப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. பெய்கிறது. பெய்யும் அளவு, பெய்யும் பருவம், ஒரே நாளில் கொட்டும் வேகம் என்று மூன்றையும் பார்த்தார்கள். ஆற்றின் வரத்து இந்த அளவுக்கு விழுந்ததற்கு ஈடான மாற்றம் மழையில் தெரியவில்லை. அடுத்து வெப்பம். வெப்பம் கூடியிருக்கிறது, அதனால் ஆவியாவதும் கொஞ்சம் கூடும். ஆனால் அந்தக் கொஞ்சம் இந்தப் பள்ளத்தை நிரப்பப் போதாது.

நீரியல்காரர்கள் இதைப் பார்க்க ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். எந்த ஆற்றுக்கும் நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு வரைபடத்தாளில் படுக்கைக் கோட்டில் ஆண்டுதோறும் பெய்த மழையைக் கூட்டிக்கொண்டே போங்கள். நிற்கும் கோட்டில் ஆற்றில் வந்த நீரைக் கூட்டிக்கொண்டே போங்கள். நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் மாறி மாறி வந்தாலும், மழைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவு மாறாத வரை புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் ஏறும். ஏதோ ஓர் ஆண்டிலிருந்து கோடு படுக்கத் தொடங்கினால், அதே மழைக்கு முன்பை விடக் குறைவான நீர் வருகிறது என்று பொருள். அந்த முறிவு வானத்தில் நடந்ததல்ல, தரையில் நடந்தது. பஞ்சத்தையும் பழுதையும் பிரித்துப் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

எழுபது அடி கேசிங்

மூன்றாவது காரணமான நிலத்தடி நீரை நான் கண்ணால் பார்த்தது தொட்டபள்ளாப்பூர் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில். அந்தப் பகுதி பெங்களூர் நீலத் திராட்சைக்குப் பேர்போனது. தோட்டத்தின் மூலையில் ஒரு ரிக் வண்டி நின்றிருந்தது. நம்பர் பிளேட்டைப் பார்த்தேன், டி.என். 34. திருச்செங்கோட்டு வண்டி. இந்தியாவில் எந்த மூலைக்குப் போனாலும் பூமியைத் துளைக்கிறவர்கள் திருச்செங்கோட்டுக்காரர்களாக இருப்பது ஒன்றும் ஆச்சரியமில்லை. தமிழ் கேட்டதும் வண்டியில் இருந்த தம்பிக்கு முகம் மலர்ந்தது.

“கேசிங் எத்தனை அடி இறக்குனீங்க தம்பி?”

“எழுவது அடிங்கண்ணா. அதுக்கு மேல கல்லுதானுங்க.”

“தண்ணி?”

“ஆயரத்தி நூறு போயாச்சுங்க. இன்னும் பொகைதான் வருது.”

கம்ப்ரசரின் சத்தத்தில் அவர் கத்தித்தான் சொன்னார். துளையிலிருந்து வெள்ளைப் பொடி புகைபோலக் கிளம்பி, திராட்சை இலைகள் மேல் மாவு தெளித்ததுபோலப் படிந்திருந்தது. தோட்டக்காரர் கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓர் அடிக்கு இவ்வளவு என்று காசு ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தச் சொன்னால் இதுவரை போட்டது போச்சு. தொடரச் சொன்னால் இன்னும் எவ்வளவு என்று தெரியாது. அந்த நிற்பைப் பார்த்தவர்கள், “விவசாயி நீரை உறிஞ்சிவிட்டான்” என்று சுலபமாக எழுதிவிட மாட்டார்கள்.

அந்த எழுபது அடி என்ற எண்ணில்தான் ஆற்றின் கதை இருக்கிறது. பெங்களூர் மேட்டு நிலத்தின் அடியில் இருப்பது கடினமான பழம்பாறை. அதன் மேல்பகுதி மட்டும் லட்சக்கணக்கான ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் சிதைந்து பொருபொருவென்று இருக்கும். ரிக்காரர்கள் இந்தப் பொருபொருப்பு சரிந்து விழாமல் இருக்கத்தான் கேசிங் பைப் இறக்குகிறார்கள். பஞ்சுபோல நீரைப் பிடித்துவைத்துக்கொள்வது இந்த அடுக்குதான். அந்தக் காலத்துத் திறந்த கிணறுகள் இதற்குள்தான் இருந்தன. முப்பது அடி, நாற்பது அடி, மாடு பூட்டிக் கவலை ஓட்டி இறைத்தார்கள். மழைக்காலத்தில் அடுக்கு நிறையும். மழை நின்ற பிறகு அந்த நீர் மெதுவாகப் பக்கவாட்டில் கசிந்து, பள்ளத்தில் இருக்கும் ஓடைக்கு வந்து சேரும். டிசம்பரிலும் ஜனவரியிலும் வானத்தில் மேகமே இல்லாதபோது ஓடையில் நீர் ஓடியது இந்தக் கசிவால்தான். நாம் ஊற்றுநீர் என்று சொல்வதும் இதைத்தான்.

போர்வெல் வந்ததும் முதலில் இந்த அடுக்கு காலியானது. பம்புசெட்டுக்கு மின்சாரம் மலிவானது, பிறகு இலவசமானது. அடுக்கு காலியானதும் பாறைக்குள் இருக்கும் வெடிப்புகளைத் தேடி ஐந்நூறு, ஆயிரம், அதற்கும் மேல் என்று துளை இறங்கியது. இப்போது அந்தத் தோட்டத்தில் கேசிங் இறக்கிய எழுபது அடியிலும் ஈரம்கூட இல்லை. ஒரு காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் ஓடையின் படுகையை விட மேலே இருந்தது, அதனால் நிலம் ஓடைக்குக் கொடுத்தது. இன்று நீர்மட்டம் படுகைக்கு நூற்றுக்கணக்கான அடி கீழே. ஓடையில் கொஞ்சம் நீர் வந்தாலும் நிலம் குடித்துவிடுகிறது. கொடுக்கல் வாங்கல் திசை மாறிவிட்டது. பெய்யும் மழை அன்று பெய்த அதே மழைதான், ஆனால் அது முதலில் எழுபது அடிக் கடனை அடைக்க வேண்டும். அதற்குப் பிறகு மிஞ்சினால்தான் ஆறு.

நந்தி மலையில் நட்ட மரம்

யூக்கலிப்டஸ் கதையில் ஒரு விசித்திரமான ஒற்றுமை இருக்கிறது. இந்தியாவில் இந்த மரம் முதலில் நடப்பட்டது 1790 வாக்கில், நந்தி மலையில் திப்பு சுல்தானின் தோட்டத்தில் என்று வனவியல் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. அங்கிருந்து பரவிய ரகத்துக்கு மைசூர் கம் என்றே பெயர். அர்க்காவதி பிறந்த இடமும் இந்த மரம் நம் மண்ணில் முதலில் வேர்விட்ட இடமும் ஒரே மலை.

ஆனால் சில மரங்கள் மலைமேல் நின்றதால் எதுவும் ஆகிவிடவில்லை. 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தின்போது கன்றுகள் ஊர் ஊராகப் போயின. கேழ்வரகு விளைந்த மானாவாரி நிலங்களில் உழவர்கள் யூக்கலிப்டஸ் நட்டார்கள். அவர்கள் பக்கத்துக் கணக்கு நியாயமானது. பெங்களூர் வளர வளர வயல் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. பிள்ளைகள் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். கேழ்வரகுக்குக் களை எடுக்க வேண்டும், காவல் காக்க வேண்டும். தைலமரத்தை ஆடு கடிக்காது, யாரும் பார்க்க வேண்டியதில்லை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி விற்றால் கையில் காசு.

மண்ணுக்கு அடியில் நடந்தது வேறு. கேழ்வரகு நாலு மாதப் பயிர். வேர் மேலோட்டமானது, அறுவடைக்குப் பிறகு நிலம் சும்மா கிடக்கும். மரமோ ஆண்டு முழுவதும் குடிக்கிறது. பெங்களூருக்குக் கிழக்கே ஓசகோட்டையில் இயான் கால்டர் என்ற நீரியலாளரின் குழு 1990களில் வெளியிட்ட அளவீடுகள் இதைத் தெளிவாகக் காட்டின. ஆழமான மண்ணில் நட்ட இளம் யூக்கலிப்டஸ், பெய்த மழையை விடக் கூடுதலான நீரை எடுத்துக்கொண்டது. வேர் கீழே கீழே போய், முந்தைய ஆண்டுகள் சேர்த்துவைத்த ஈரத்தையும் எடுத்தது. கேழ்வரகு நிலத்தில் வேருக்குக் கீழே இறங்கி நீர்மட்டத்தில் சேர்ந்த மழை, தைலமரத் தோப்பில் இறங்குவதே இல்லை. போர்வெல் கீழிருந்து எடுக்கிறது, மரம் மேலிருந்து வருவதை நிறுத்துகிறது. நடுவில் இருந்த அந்தப் பஞ்சு அடுக்கு இரண்டு பக்கமும் காய்ந்தது. 2017இல் கர்நாடக அரசு புதிதாக யூக்கலிப்டஸ் நடத் தடை விதித்தது. ஏற்கெனவே நின்ற தோப்புகள் வெட்ட வெட்டத் துளிர்ப்பவை.

ஐந்தாவது, ஆற்றின் போக்கு துண்டுபட்டது. தடுப்பணைகள், சாலைகள், ஆக்கிரமிப்புகள், தூர்ந்த ஏரிகள். இதற்கும் பங்கு உண்டு, ஆனால் மற்ற இரண்டை விடக் குறைவு என்பது அந்த ஆய்வின் முடிவு. எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது. ஏரித் தொடர் என்பது புதிதல்ல. நந்தி மலையிலிருந்து கீழே வரை நூற்றாண்டுகளாக ஏரிகள் இருந்தன, ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்ததுக்குப் போனது. அப்போது ஏரியின் அடியில் இருந்த மண் ஈரமாக இருந்ததால் சீக்கிரம் நிறைந்தது. இன்று அதே ஏரி, அதே கரை, அதே மழை. அடியில் காய்ந்த மண் குடித்துக்கொண்டே இருப்பதால் மறுகால் பாய்வதில்லை. ஏரி ஆற்றை மறிப்பதாகத் தெரிகிறது. ஏரிக்குக் கீழே உள்ள வறட்சிதான் மறிக்கிறது.

தவறான வைத்தியம்

எது காரணம் என்பதைச் சரியாகச் சொல்வது படிப்பாளிகளின் பொழுதுபோக்கு இல்லை. காரணத்தைப் பொறுத்துத்தான் வைத்தியம். மழை இல்லை என்று நம்பினால், வேறு ஆற்றிலிருந்து நீர் கொண்டுவருவோம். வாய்க்கால் அடைத்துக்கொண்டது என்று நம்பினால், பொக்லைன் வைத்துத் தூர்வாருவோம். 2003இல் திப்பகொண்டனஹள்ளி நீர்ப்பிடிப்புப் பகுதியில் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தி அரசாணை வந்தது. கட்டடங்களைக் கட்டுப்படுத்துவது நல்லதுதான். ஆனால் அது நீரோட்டத்தை மீட்கும் என்றால், எழுபது அடிக் கடனை யார் அடைப்பது?

இன்னும் சிக்கலானது தடுப்பணை. நிலத்தடி நீரைப் பெருக்கத் தடுப்பணை கட்டுகிறோம். கட்டிய இடத்தில் கிணறு ஊறுகிறது, உண்மை. ஊறியதை அன்றே பம்பு இறைத்துவிடுகிறது, அதுவும் உண்மை. ஆனால் தடுப்பணையில் நின்ற நீர், கீழே ஆற்றில் போக வேண்டிய நீர்தான். ஒரே தண்ணீரை மேலே நிலத்தடி நீர் என்று ஒரு துறையும், கீழே ஆற்று நீர் என்று இன்னொரு துறையும் இரண்டு தடவை கணக்கில் எழுதிக்கொள்கின்றன. தடுப்பணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இறைப்பதற்கு ஓர் அளவு வைக்காமல் கட்டினால், மேலே இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு பருவம் கிடைக்கும், ஆறு இன்னும் கொஞ்சம் மெலியும்.

இந்த இரட்டைக் கணக்கு காவிரி வழக்கு வரைக்கும் நீள்கிறது. 2007இல் காவிரி நடுவர் மன்றம் ஓராண்டின் மொத்த நீர் 740 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) என்று எடுத்துக்கொண்டு பிரித்தது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டிஎம்சி வர வேண்டும். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டிஎம்சியைத் தமிழ்நாட்டின் கணக்கில் சேர்த்தது குறைத்ததற்கு ஒரு காரணம். அதாவது, பூமிக்கு அடியில் இருப்பதும் காவிரிக் கணக்கில் வரும் என்று ஓரிடத்தில் ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் மேலே ஆயிரம் அடி போர்வெல்கள் ஓடைகளின் ஊற்றுக்கண்ணை அடைத்ததால் காவிரிக்கு வராமல் போன நீர் எந்த மாநிலத்தின் கணக்கு? அர்க்காவதி பிலிகுண்டுலுவுக்கு மேலேதான் காவிரியில் சேர்கிறது. மாதம் இவ்வளவு திறக்க வேண்டும் என்று அணைகளுக்குச் சொல்லலாம். அணையே இல்லாத ஓடையில் ஊற்று நின்றுபோனால் யாரிடம் சொல்வது?

இதைக் கர்நாடகத்தின் குற்றமாக மட்டும் எழுதினால் நான் நேர்மையாக எழுதியதாகாது. கோவையிலும் திருப்பூரிலும் நொய்யலைப் பார்த்தவர்களுக்கு அர்க்காவதி ஒன்றும் புதிய கதையில்லை. அங்கேயும் மேலே ஊற்று வற்றியது, கீழே சாயக்கழிவு ஓடியது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை அந்தக் கழிவைத் தேக்கும் குட்டையாகிப்போனது. அமராவதிப் பக்கத்திலும் ரிக் வண்டிகள் இரவெல்லாம் ஓடுகின்றன.

பெங்களூர் தண்ணி

சரி, மேலே இருந்து நீர் வரவில்லை என்றால், சங்கமத்தில் என் காலை நனைத்தது எது?

பெங்களூரின் காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரம் குழாயில் வந்து, ஏறத்தாழ அரை கிலோமீட்டர் உயரம் ஏறுகிறது. 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் சேருவதற்கு முன்பு நாளொன்றுக்கு 1,450 மில்லியன் லிட்டர் அளவுக்கு வந்தது. குளித்து, துவைத்து, கழுவிய பிறகு அதில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போகிறது. நகரத்தின் மேற்குப் பகுதிச் சாக்கடை விருஷபாவதியில் இறங்குகிறது. பசவனகுடியின் நந்தி கோயில் அருகே பிறந்ததாகச் சொல்லும் அந்தச் சிற்றாறு, பைரமங்கலா ஏரி வழியாகப் போய் அர்க்காவதியில் சேர்கிறது. கோடை, மழை என்ற பேதமே அதற்குக் கிடையாது. நகரம் குளிக்கும்வரை அது ஓடும். கரையோர உழவர்கள் அந்த நீரில் தீவனப்புல் வளர்க்கிறார்கள், வேறு நீர் இல்லாததால்.

ஆக, அளவுமானியை மட்டும் பார்த்தால் கீழ் அர்க்காவதி செத்துவிடவில்லை. கோடையில் முன்பைவிடச் சீராகக்கூட ஓடலாம். மேலே காலநிலையையும் மண்ணையும் பொறுத்து ஓடிய ஆறு, கீழே ஒரு நகரத்தின் குழாயைப் பொறுத்து ஓடுகிறது. பரிசல்காரர் சொன்னது இதைத்தான். குடிநீருக்கு எடுப்பதில் 20 சதவீதம்தான் செலவு, மீதி ஆற்றுக்கே திரும்பும் என்று நடுவர் மன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்த மீதி எப்படித் திரும்புகிறது என்பதைச் சங்கமத்தில் இறங்கி நின்றால் மூக்கே சொல்லும். நகரத்தின் கிழக்குப் பகுதிக் கழிவு தென்பெண்ணையில் இறங்கி, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. காவிரியில் எடுத்தது வேறோர் ஆற்றுக்குப் போய்விட்டது.

காலநிலையின் பங்கு

அப்படியானால் காலநிலை மாற்றத்துக்கு இங்கே இடமில்லையா? அப்படி முடிவு கட்டினால் அதுவும் தவறு. அந்த ஆய்வு சொன்னது நடந்து முடிந்த சரிவைப் பற்றி மட்டும். ஆண்டுக்கு ஆண்டு வரும் ஏற்ற இறக்கம் இன்றும் மழையின் கையில்தான் இருக்கிறது, அந்த ஏற்ற இறக்கம் கூடிக்கொண்டும் வருகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது.

அண்மைய சில ஆண்டுகளையே பாருங்கள். 2022இல் பெங்களூர் 2017இன் மழைச் சாதனையையும் தாண்டியது. அதே 2022இல் மேட்டூர் அணையை மே 24ஆம் தேதியே திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் பாசனத்துக்குத் திறந்தது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டு பருவமழை பொய்த்தது. 2023 ஜூன் 12இல் திறந்த மேட்டூரை அக்டோபரிலேயே மூட வேண்டியதாயிற்று. 2024 கோடையில் பெங்களூர் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியது. நகரத்தில் உள்ள சுமார் 14,000 அரசுப் போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டன என்று அரசே சொன்னது. வரலாறு காணாத மழைக்கும் வரலாறு காணாத தட்டுப்பாட்டுக்கும் நடுவில் இரண்டே ஆண்டு.

அந்தப் பஞ்சு அடுக்கு இருந்தவரை, இப்படிப்பட்ட ஏற்ற இறக்கத்தை அது தாங்கிக்கொண்டது. ஒரு நல்ல ஆண்டின் நீரை அடுத்த கெட்ட ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தது. காலநிலை அதிகம் தடுமாறும் காலத்தில்தான் அந்தச் சேமிப்பு மிகவும் தேவை. நாம் அதைக் காலி செய்ததும் இதே காலத்தில்தான். இரண்டையும் தனித்தனிச் சதவீதமாகப் பிரித்து, இவ்வளவு மழையால், இவ்வளவு மனிதனால் என்று ஆய்வுகளில் எழுதுவது பயனுள்ளதுதான். ஆனால் ஆற்றுக்கு வருவது இரண்டும் சேர்ந்த அடி.

அந்தத் திராட்சைத் தோட்டத்தில் ரிக் 1,240 அடியில் நின்றது. கொஞ்சம் சேறு வந்தது, ஓர் அங்குலம் கூட இல்லை. தம்பி கம்ப்ரசரை நிறுத்தியதும் காது திடீரென்று அடைத்ததுபோல இருந்தது. தோட்டக்காரர் எங்களை நிழலுக்குக் கூப்பிட்டு மோர் கொடுத்தார். நிழல் தந்தது ஒரு அத்திமரம், அது நின்றது அவர் தாத்தா வெட்டிய கிணற்றுக்குள். சதுரக் கிணறு, கருங்கல் படிகள். சுவரில் நீர் நின்ற கறை வரிவரியாகத் தெரிந்தது. அவர் அப்பா காலத்தில் ஏழாவது படிக்குக் கீழே நீர் இறங்கியதில்லை என்று கன்னடத்தில் சொன்னார். பிறகு முப்பது ஆண்டுகளாகக் காய்ந்து கிடந்ததால் அத்தி முளைத்துவிட்டது.

கீழே, மரத்தின் அடியைச் சுற்றி இன்னொரு கறை இருந்தது. மற்றவற்றை விடப் புதியது, இன்னும் பச்சை போகாதது. அது எப்போது என்று கேட்டேன். 2022 அக்டோபர் என்றார். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தபோது கிணற்றில் மூன்று படி நீர் நின்றதாம். மனைவியையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிவந்து காட்டியிருக்கிறார். பக்கத்து ஓடையிலும் பொங்கலுக்குப் பிறகு கொஞ்ச நாள் வரை நீர் ஓடியிருக்கிறது. சுற்றிலும் இருந்த மோட்டார்கள் ஓடத் தொடங்கியதும் நாளுக்கு ஒரு விரல் கணக்கில் இறங்கி, சிவராத்திரிக்குள் தரை தெரிந்துவிட்டது என்றார்.